கடலே இல்லாத பாரிஸின் சின்னத்தில் கப்பல் ஏன்?

பாரிஸ் நகரச் சின்னத்தில் இருப்பது எகிப்தியத் தெய்வம் ஐசிஸின் கப்பலா, கடலிலிருந்து அவ்வளவு தள்ளி இருக்கும் ஊருக்குக் கப்பல் எப்படி வந்தது, அதன் கீழே உள்ள இலத்தீன் வரி எந்தக் காலத்தது என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். ஒரு காணொளியில் ஐசிஸ் கதையைக் கேட்டதாகவும், இன்னோரிடத்தில் அதை மறுத்திருந்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். ஆக, இப்படிப்பட்ட சின்னங்களைப் பற்றிச் சொல்லப்படுவதில் எதை நம்பலாம், எதைத் தள்ளலாம் என்பதுதான் நீங்கள் உண்மையில் கேட்பது என்று எடுத்துக்கொள்கிறேன். இடைக்கால முத்திரைகளைப் படித்து அட்டவணை போடுவதுதான் பல வருடங்களாக என் வேலை. அதனால் முத்திரை பேசும் இடங்களில் உறுதியாகவே சொல்வேன். ரோமானியர் காலத்துக்குப் போகும்போது நான் மற்றவர்களின் ஆய்வைச் சார்ந்துதான் பேச முடியும்.

முதலில் சின்னத்தில் என்னென்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம். சிவப்புத் தளம் கொண்ட கேடயம். அதில் வெள்ளி அலைகள் மேல் பாய் விரித்த வெள்ளிக் கப்பல். கேடயத்தின் தலைப்பகுதியில் நீலப் பட்டை, அதில் தூவியது போலப் பொன்னிற லில்லிப் பூக்கள். கேடயத்துக்கு மேல் கோட்டைச் சுவர் வடிவில் கிரீடம், இரு பக்கமும் ஓக் கிளையும் லாரல் கிளையும், கீழே தொங்கும் பதக்கங்கள், நாடாவில் இலத்தீன் வாசகம். பார்க்கும்போது ஒரே ஆள் உட்கார்ந்து ஒரே நாளில் வரைந்த மாதிரி இருக்கும். ஆனால் கப்பல் 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இருக்கிறது, லில்லி 14ஆம் நூற்றாண்டில் வருகிறது, வாசகம் 16ஆம் நூற்றாண்டின் இறுதியில், பதக்கங்கள் 20ஆம் நூற்றாண்டில். அதனால் 'இந்தச் சின்னத்தின் பொருள் என்ன' என்று மொத்தமாகக் கேட்டால் எந்தப் பதிலும் பாதி தவறாகத்தான் இருக்கும். எந்தத் துண்டு, எந்தக் காலம், யார் வைத்தது என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும்.

கப்பலில் தொடங்குவோம். அது கடல் கப்பலே இல்லை, செய்ன் நதியில் சரக்கு ஏற்றிப் போன படகு. பாரிஸிலிருந்து ஆற்று வழியே கடலை அடைய 350 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். ஆனால் இடைக்காலத்தில் கனமான சரக்கு எதுவும் சாலையில் போகாது. மது, உப்பு, தானியம், விறகு எல்லாம் தண்ணீரில்தான். பர்கண்டி மது மேல் ஆற்றிலிருந்து இறங்கும், உப்பும் மீனும் ரூவான் பக்கமிருந்து மேலே ஏறும். இரண்டும் சந்திக்கும் இடம் பாரிஸ். அந்தப் போக்குவரத்தைக் கையில் வைத்திருந்தவர்கள் 'தண்ணீர் வணிகர்கள்' என்று அழைக்கப்பட்ட ஒரு சங்கத்தார்.

அவர்களுடைய உரிமை எவ்வளவு கறாரானது என்பது சாசனங்களில் தெரிகிறது. 1121இல் ஆறாம் லூயி, அறுவடைக் காலத்தில் பாரிஸுக்கு வரும் ஒவ்வொரு மதுப் படகுக்கும் தான் வாங்கிவந்த 60 சூ (அன்றைய நாணயம்) வரியை இவர்களுக்காக விட்டுக்கொடுத்தார். 1170 வாக்கில் ஏழாம் லூயி இவர்களுடைய வழக்கங்களை எழுத்தில் உறுதி செய்தார். பாரிஸின் பாலங்களுக்கும் கீழ் ஆற்றில் உள்ள மாந்த் நகரப் பாலத்துக்கும் இடையே, சங்கத்தைச் சேராத யாரும் தனியாகச் சரக்கு கொண்டுபோக முடியாது. வெளியூர் வணிகன் ஒரு பாரிஸ் வணிகனைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டே ஆக வேண்டும். மீறினால் சரக்கு பறிமுதல். பாதி அரசனுக்கு, பாதி சங்கத்துக்கு. இந்தப் பாதிக்குப் பாதி ஏற்பாட்டை நினைவில் வையுங்கள். அரசனும் வணிகர்களும் எப்படிக் கைகோத்து நடந்தார்கள் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது, பின்னால் லில்லிப் பூ வருவதும் இந்த உறவின் தொடர்ச்சிதான். 1220இல் பிலிப் ஒகுஸ்த் அரசர் ஆண்டுக்கு 320 லிவ்ர் (இதுவும் அன்றைய பணம்) வாங்கிக்கொண்டு, நகரத்தின் அளவைகள் மீதான மேற்பார்வை, விலை கூவுவோரை நியமிக்கும் உரிமை, சிறு வழக்குகளை விசாரிக்கும் உரிமை ஆகியவற்றையும் இவர்களிடமே விட்டுவிட்டார்.

சரி, ஒரு வணிகச் சங்கத்தின் படகு எப்படி ஊர் முழுவதற்கும் சின்னம் ஆனது? இதுதான் பலரும் தாண்டிப் போய்விடும் இடம். வடக்குப் பிரான்ஸின் பல நகரங்கள் 12ஆம் நூற்றாண்டில் தன்னாட்சி சாசனம் வாங்கின. தங்களுக்கென்று நகரவை, மணிக்கூண்டு, முத்திரை என்று வைத்துக்கொண்டன. பாரிஸுக்கு அப்படி ஒரு சாசனம் கிடைக்கவே இல்லை. அது அரசன் குடியிருக்கும் ஊர். காவலும் நீதியும் அரசனின் அதிகாரி கையில், ஷாத்தலே கோட்டையில். நகர மக்கள் சார்பில் பேச, வரி வசூலிக்க, கரையையும் படித்துறையையும் பராமரிக்க ஏதாவது ஓர் அமைப்பு வேண்டுமே. ஏற்கெனவே சட்டபூர்வமாக இருந்தது தண்ணீர் வணிகர் சங்கம் ஒன்றுதான். அந்த வேலைகள் ஒவ்வொன்றாக அதன் தலையில் வந்து விழுந்தன. 1260களில் அதன் தலைவர் 'வணிகர்களின் தலைவர்' என்ற பட்டத்தோடும் துணைக்கு நான்கு பேரோடும் கிட்டத்தட்ட மேயர் போலவே நடந்துகொள்கிறார். சங்கம் நகராட்சி ஆனது, சங்கத்தின் முத்திரை நகரத்தின் முத்திரை ஆனது. யாரும் உட்கார்ந்து 'நம் நகரத்துக்கு என்ன சின்னம் பொருத்தம்' என்று யோசித்துக் கப்பலைத் தேர்ந்தெடுக்கவில்லை.

நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய முத்திரை பிலிப் ஒகுஸ்த் காலத்தது. பொதுவாக 1210 என்று குறிப்பார்கள். சுற்றி இலத்தீனில் 'பாரிஸின் தண்ணீர் வணிகர்களின் முத்திரை' என்ற பொருளில் எழுத்து, நடுவில் எளிமையான ஓர் ஆற்றுப் படகு. நடுவில் பாய்மரம், இரு பக்கமும் அதைத் தாங்கும் கயிறுகள், அவ்வளவுதான். பாய் இல்லை, அலங்காரம் இல்லை. கப்பலை வைத்துத் தத்துவம் பேசும் எண்ணம் அதில் கொஞ்சமும் தெரியவில்லை. தச்சன் அரிவாளைப் பொறித்தால் யாரும் நம்ப மாட்டார்கள், உளியைத்தான் பொறிப்பான். அது போலத்தான் இவர்களும் தங்கள் தொழில் கருவியைப் பொறித்தார்கள்.

இங்கே ஒரு தொழில்நுட்ப விஷயத்தைச் சொல்ல வேண்டும். முத்திரை என்பது மெழுகில் அழுத்திய உருவம். அதில் நிறம் கிடையாது. ஆனால் கேடயச் சின்னம் என்று ஒன்றைச் சொல்ல நிறம் கட்டாயம். சிவப்பில் வெள்ளி, நீலத்தில் பொன் என்று நிறத்தோடுதான் அந்தக் கலையில் ஒரு சின்னம் முழுமையாகிறது. ஆகவே 1210 முத்திரையைக் காட்டி 'அப்போதே பாரிஸின் சின்னம் சிவப்புத் தளத்தில் வெள்ளிக் கப்பல்' என்று எழுதுவது, முத்திரை சொல்லாததை அதன் வாயில் திணிப்பது. அதே போல, பிலிப் ஒகுஸ்த் 1190இல் சிலுவைப் போருக்குக் கிளம்பும் முன் நகரத்துக்கு இந்தச் சின்னத்தை அளித்துவிட்டுப் போனார் என்று ஒரு மரபுக் கதை உண்டு. அவர் அந்த ஆண்டு கிளம்பியது உண்மை. தான் இல்லாதபோது ஆட்சி எப்படி நடக்க வேண்டும் என்று விரிவாக எழுதி வைத்ததும், அதில் பாரிஸ் நகரத்தார் சிலருக்குப் பொறுப்பு கொடுத்ததும் உண்மை. சின்னம் அளித்ததற்கு மட்டும் அன்றைய ஆவணம் ஒன்றும் இல்லை. அரசன் சின்னம் 'அளிக்கும்' பழக்கம் நகரங்களுக்கு அப்போது இருக்கவும் இல்லை; அது பல தலைமுறைகளுக்குப் பிந்தைய வழக்கம். இந்தக் கதையை நான் தள்ளிவிடுவேன்.

பிறகு படகு மெல்ல வளர ஆரம்பிக்கிறது. முத்திரைகளையும் அச்சுப் பக்கங்களையும் கால வரிசையில் அடுக்கிப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். பாய் வருகிறது, முன்னும் பின்னும் உயர்ந்த மேடைகள் வருகின்றன, கொடிகள் பறக்கின்றன. 17ஆம் நூற்றாண்டுக்கு வந்தால் ஒரு சிற்பி செதுக்கியிருப்பது பீரங்கி வைத்த போர்க்கப்பலாகவே இருக்கலாம். ஒவ்வொரு காலத்து ஓவியனும் தன் காலத்தின் பெருமைமிக்க கப்பலை வரைந்தான், செய்னில் அது மிதக்குமா என்று யோசிக்கவில்லை. உங்கள் கேள்வியில் இருந்த குழப்பத்துக்குக் காரணமே இந்த ஓவியர்கள்தான். இதில் இன்னொரு வேடிக்கை, கப்பல் பெரிதாகிக்கொண்டே போன அதே காலத்தில்தான் ஆற்றில் சங்கத்தின் பிடி தளர்ந்துகொண்டே வந்தது. கடைசியில் 1672இல், பதினான்காம் லூயி காலத்தில், அந்தப் பழைய தனியுரிமை ஒழிக்கப்பட்டது. உரிமை போனது, படம் தங்கிவிட்டது.

இனி ரோமானியர் காலம். 1711இல் நோத்ர தாம் தேவாலயத்தின் உள்ளே, பாட்டுக் குழு அமரும் பகுதிக்கு அடியில் தோண்டியபோது சில செதுக்குக் கற்கள் கிடைத்தன. ரோமப் பேரரசர் திபேரியஸ் காலத்தில், அதாவது கி.பி. 14க்கும் 37க்கும் இடையில், பாரிசி இனக்குழுவின் படகோட்டிகள் ஜூபிட்டருக்கு நிறுவிய தூண் அது என்று கல்வெட்டே சொல்கிறது. இன்று அது க்ளூனி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பாரிஸ் போனால் தவறாமல் பாருங்கள். ஆக, அந்த இடத்தில் சங்கமாகச் சேர்ந்த படகுக்காரர்கள் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இருந்தார்கள் என்பது உறுதி. அந்தச் சங்கமே 12ஆம் நூற்றாண்டுத் தண்ணீர் வணிகர் சங்கமாகத் தொடர்ந்தது என்பதுதான் சந்தேகம். இடையில் ஓராயிரம் ஆண்டுக்கு மேல் இடைவெளி. ரோமாபுரி வீழ்ந்தது, பிராங்குகள் வந்தார்கள், 9ஆம் நூற்றாண்டில் வடநாட்டு வைக்கிங் கொள்ளையர்கள் செய்னில் ஏறி வந்து பாரிஸை முற்றுகை போட்டார்கள். இத்தனைக்கும் நடுவே ஒரு வணிகச் சங்கம் அறுபடாமல் வந்தது என்று சொல்ல ஒரு துண்டு எழுத்து கூட இல்லை. 1170 சாசனம் 'பழங்காலம் முதல் உள்ள வழக்கம்' என்கிறதே என்று சிலர் வாதிடுவார்கள். இடைக்காலச் சாசனங்களில் அந்தத் தொடர் எங்கும் வரும். பாட்டன் காலத்து வழக்கத்துக்கும் அப்படித்தான் எழுதுவார்கள். ஒரே ஆறு, அதன் நடுவே ஒரே தீவு, அதனால் ஒரே தொழில் மறுபடியும் முளைத்தது என்று எடுத்துக்கொள்வதே எனக்குச் சரியாகப் படுகிறது.

அந்தத் தூணில் பெயர் பொறித்த தெய்வங்கள் ஜூபிட்டர், வல்கன், காஸ்டர், ஏசுஸ், கெர்னுன்னோஸ் என்று ரோமானிய, கெல்டியத் தெய்வங்கள். ஐசிஸ் அதில் இல்லை. இதை முதலில் சொல்லிவிட்டு உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். ஐசிஸ் கதை முழுக்க முழுக்கக் காற்றில் கட்டியது என்றும் சொல்ல மாட்டேன், அதற்கு மூன்று செங்கல்கள் உண்டு. ரோமப் பேரரசில் ஐசிஸ் வழிபாடு பரவியிருந்தது, ஒவ்வொரு மார்ச் 5ஆம் தேதியும் கடல் பயணக் காலம் தொடங்கும்போது அவளுக்காகக் கப்பல் விடும் விழா நடந்தது, இது உண்மை. சேன் ஜெர்மேன் தே ப்ரே மடாலயத்தில் ஒரு பழைய பெண் சிலை இருந்தது, அது ஐசிஸ் என்று மக்கள் நம்பினார்கள், 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதை அகற்றினார்கள் என்று அந்த நூற்றாண்டுப் பாரிஸ் வரலாற்று எழுத்தாளர்களே பதிந்திருக்கிறார்கள். சிலை இருந்தது என்பதை ஏற்கலாம், அது ஐசிஸ்தான் என்பதற்கு நம்பிக்கையைத் தவிர வேறு ஆதாரம் இல்லை. மூன்றாவது, நகரத்தின் பெயருக்குள் ஐசிஸ் பெயர் ஒளிந்திருக்கிறது என்ற ஊகம். இது தவறு. பெயர் பாரிசி இனக்குழுவிலிருந்து வந்தது. ஜூலியஸ் சீசரே அவர்களைக் குறிப்பிடுகிறார், அவர்களுடைய ஊரை லுத்தேசியா என்கிறார். இந்த மூன்றையும் அடுக்கினாலும் 13ஆம் நூற்றாண்டு மது வணிகர்களின் முத்திரைக்கு ஐசிஸிடமிருந்து பாதை கிடையாது. ஆனால் இவ்வளவு சொன்ன பிறகும், பாரிஸின் சின்னத்தில் ஐசிஸ் ஒரு காலத்தில் உண்மையாகவே இருந்தாள். அது எப்படி என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

பாரிஸின் நடுவே செய்ன் ஆற்றில் உள்ள சித்தே தீவு மேலிருந்து பார்க்கப் படகு வடிவில் இருக்கிறது, அதனால் படகு வந்தது என்றும் ஒரு விளக்கம் உலவுகிறது. தீவு அப்படித்தான் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் 1210இல் முத்திரை செய்தவர்கள் ஊரை மேலிருந்து வரைபடமாகப் பார்த்துப் பழகியவர்கள் இல்லை. முத்திரையைச் சுற்றி எழுதியிருப்பதும் தீவைப் பற்றியது இல்லை, வணிகர்களைப் பற்றியது. கண்ணுக்குப் பிடித்த ஒற்றுமை என்று விட்டுவிடலாம்.

லில்லிப் பூக்களுக்கு வருவோம். பிரெஞ்சு அரசனின் சின்னம் நீலத்தில் பொன் லில்லி. அதை நகரச் சின்னத்தின் தலையில் வைப்பது, இந்த ஊர் அரசனுக்கு நெருக்கமானது என்ற அறிவிப்பு. வேறு பல பிரெஞ்சு நகரங்களும் இதைச் செய்தன. பாரிஸில் இதைச் சேர்த்தது 1358இல் ஐந்தாம் சார்லஸ் என்று பரவலாகச் சொல்வார்கள். அந்த ஆண்டில் சார்லஸ் அரசர் இல்லை என்பதைக் கவனியுங்கள். தந்தை ஆங்கிலேயரிடம் சிறைப்பட்டிருந்ததால் ஆட்சியைப் பார்த்துக்கொண்ட இளவரசர். முடி சூடியது 1364இல். 1358 என்பதும் சாதாரண ஆண்டு இல்லை. வணிகர்களின் தலைவர் எத்தியேன் மார்செல் இளவரசருக்கு எதிராகக் கிளம்பிய ஆண்டு அது. பிப்ரவரி 22 அன்று அவருடைய ஆட்கள் அரண்மனைக்குள் புகுந்து, இளவரசரின் கண் முன்னாலேயே இரண்டு படைத் தளபதிகளைக் கொன்றார்கள். மார்செல் தன் கட்சியின் சிவப்பு நீலத் தலைக்குல்லாயை இளவரசரின் தலையில் வைத்தார், உயிர் தப்ப. ஜூலை 31 அன்று மார்செலையே பாரிஸ்காரர்கள் கொன்றார்கள், சில நாட்களில் சார்லஸ் நகருக்குள் திரும்பினார். அந்த ஆண்டிலேயே லில்லி ஏறியிருந்தால் அது பரிசா, கடிவாளமா? எனக்குக் கடிவாளம் என்றே தோன்றுகிறது. ஆனால் இது என் வாசிப்பு, அளித்ததாகச் சொல்லும் பத்திரம் இல்லை.

இருந்தாலும் லில்லியின் காலத்தை நெருங்க வேறொரு துப்பு உண்டு. பிரெஞ்சு அரசச் சின்னத்தில் முதலில் லில்லிகள் எண்ணிக்கை இல்லாமல் தூவப்பட்டிருக்கும். இதே ஐந்தாம் சார்லஸ் காலத்தில், 1376 வாக்கில், அவை மூன்றாகக் குறைக்கப்பட்டன. பாரிஸின் பட்டையில் இன்றுவரை தூவல்தான் இருக்கிறது. ஆக, அந்த மாற்றத்துக்கு முன்பே நகரம் லில்லியை எடுத்துக்கொண்டிருக்க வேண்டும் என்று ஊகிப்பது நியாயம். அது 1358ஐ நிரூபிக்காது, அதோடு ஒத்துப்போகிறது என்று மட்டும் சொல்லலாம்.

சின்னங்களைப் படிப்பவர்களுக்குப் பிடித்த ஒரு சின்னச் சிக்கல் இங்கே இருக்கிறது. இந்தக் கலையின் அடிப்படை விதி, நிறத்தின் மேல் நிறம் வைக்கக் கூடாது, பொன் வெள்ளி ஆகிய உலோகங்களின் மேல் உலோகம் வைக்கக் கூடாது. தூரத்திலிருந்து பார்த்தாலும் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதற்காக ஏற்பட்ட விதி. பாரிஸில் சிவப்பின் மேல் நீலப் பட்டை உட்கார்ந்திருக்கிறது, அதாவது விதி மீறல். அரசனின் நீலத்தை மாற்ற முடியாது, ஊரின் சிவப்பையும் மாற்ற முடியாது. என்ன செய்தார்கள் தெரியுமா? அந்தப் பட்டை சிவப்பின் 'மேல்' வைக்கப்படவில்லை, பக்கத்தில் 'தைக்கப்பட்டது' என்று விவரணையில் எழுதிக்கொண்டார்கள். படத்தில் ஒரு கோடு கூட மாறாது. சொல்லில் விதி காப்பாற்றப்பட்டது. வக்கீல் மூளை எல்லாத் தொழிலிலும் இருக்கிறது.

சிவப்பும் நீலமும் பற்றி இன்னும் கொஞ்சம். 1789 ஜூலை 17 அன்று, பாஸ்தீய் சிறைக்கோட்டை மக்களிடம் வீழ்ந்து மூன்றாம் நாள், பதினாறாம் லூயி பாரிஸ் நகர மண்டபத்துக்கு வந்தபோது மேயர் பய்யி அவருக்கு நகரத்தின் நிறங்கள் கொண்ட முடிச்சுப் பட்டையைக் கொடுத்தார், அரசரும் தொப்பியில் குத்திக்கொண்டார். 1358இல் இளவரசர் தலையில் ஏறிய அதே இரண்டு நிறங்கள். பிரெஞ்சுக் கொடியின் சிவப்பும் நீலமும் பாரிஸிலிருந்து வந்தவை என்பதில் பெரிய தகராறு இல்லை. நடுவில் வெள்ளையைச் சேர்த்தது தானே என்று அப்போது பாரிஸின் காவல் படைத் தலைவராக இருந்த லபாயெத் பிற்பாடு எழுதிய நினைவுக் குறிப்புகளில் சொல்வதைக் கொஞ்சம் தள்ளி வைத்துத்தான் படிக்க வேண்டும். சிவப்பு புனித தெனியின் போர்க்கொடியிலிருந்து, நீலம் புனித மார்த்தேனின் மேலாடையிலிருந்து என்பதும் பின்னால் வந்த அழகான விளக்கம்.

புரட்சி வந்ததும் சின்னத்துக்கும் சனி பிடித்தது. 1790 ஜூனில் பரம்பரைப் பட்டங்களோடு குலச் சின்னங்களும் ஒழிக்கப்பட்டன. கட்டடங்களில் லில்லிகளை உளியால் செதுக்கி எறிந்தார்கள். பழைய முகப்புகளில் காரணமில்லாமல் சொரசொரப்பாக இருக்கும் கல் பரப்புகள் பல இதன் தழும்புகள். பேரரசர் ஆன நெப்போலியன் நகரங்களுக்குச் சின்னம் வைத்துக்கொள்ளும் உரிமையைத் திருப்பிக் கொடுத்தார், ஆனால் தன் நிபந்தனையில். 1811இல் பாரிஸுக்குக் கிடைத்த சின்னத்தில் லில்லி கிடையாது. அந்த இடத்தில் சிவப்புப் பட்டையில் மூன்று பொன் தேனீக்கள், அவருடைய பேரரசின் அடையாளம். கப்பல் பழங்கால ரோமானிய வடிவத்துக்கு மாறியது, அதன் முன் நுனியில் அமர்ந்திருந்தவள் ஐசிஸ். எகிப்துப் படையெடுப்புக்குப் பிறகு பிரான்ஸே எகிப்து மோகத்தில் இருந்த காலம் அது, அறிஞர்களும் ஐசிஸ் கதையை ஆதரித்து எழுதிக் கொடுத்தார்கள். உங்கள் காணொளிக்காரர் முழுப் பொய் சொல்லவில்லை, ஆறு நூற்றாண்டு தவறிவிட்டார், அவ்வளவே. ஐசிஸ் சின்னத்தின் தோற்றத்தில் இல்லை. மூன்று நான்கு ஆண்டுகள் மட்டும் அதில் உட்கார்ந்துவிட்டுப் போனாள். நெப்போலியன் வீழ்ந்து பதினெட்டாம் லூயி வந்ததும் 1817இல் பழைய கப்பலும் லில்லியும் திரும்பின. 1831இல் அரசுச் சின்னத்திலிருந்து லில்லி மறுபடியும் போனது. இந்த இழுபறிக்கு ஒரு முடிவு மூன்றாம் நெப்போலியன் காலத்தில் வந்தது.

அங்கேதான் உங்கள் மூன்றாவது கேள்வி. 'ஃப்ளுக்துவாத் நெக் மெர்கித்தூர்' என்றால் 'அலையில் ஆடும், மூழ்காது' என்று பொருள், ஆடுவது கப்பல். 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் நகராட்சி வெளியிட்ட உலோக வில்லைகளில் இது தென்படுகிறது. நாணயம் போல இருக்கும், ஆனால் கணக்குப் போடவும் பரிசாகக் கொடுக்கவும் பயன்பட்டவை. அந்த வில்லைகளில் இது ஒன்று மட்டும் வரவில்லை. வேறு வாசகங்களும் மாறி மாறி வந்திருக்கின்றன. பிரான்ஸ் மதப்போர்களில் எரிந்துகொண்டிருந்த காலம் என்பதால் இந்த வரிக்கு ஓர் அழுத்தம் இருந்திருக்கும் என்று நினைக்கத் தோன்றும், நிரூபிக்க முடியாது. நகரத்தின் அதிகாரபூர்வ வாசகமாக இதை ஆக்கியது 1853 நவம்பர் 24 தேதியிட்ட ஆணை, போட்டவர் செய்ன் மாவட்ட ஆட்சியர் ஓஸ்மான். பாரிஸின் பழைய தெருக்களை இடித்து அகலச் சாலைகள் போட்டாரே, அதே ஓஸ்மான். பதவிக்கு வந்த அதே ஆண்டில் இதைச் செய்தார். ஆக வாசகத்தின் வயது கேட்டால் இரண்டு பதில்கள்: பயன்பாட்டில் நானூறு ஆண்டுக்கு மேல், சட்டப்படி 1853 முதல். 'இடைக்காலம் முதல் பாரிஸின் முழக்கம்' என்று எழுதுபவர்கள் இரண்டையும் பார்க்கவில்லை. 2015 நவம்பர் 13 தாக்குதல்களில் 130 பேர் இறந்த பிறகு, குடியரசுச் சதுக்கத்தில் கருப்புப் பின்னணியில் ஆள் உயர வெள்ளை எழுத்தில் இந்த வரியை எழுதினார்கள். அதற்கு முன்பு இலத்தீன் தெரியாத பாரிஸ்காரர்களில் பலர் இதைக் கவனித்தே இருக்க மாட்டார்கள். ஒரு சின்னத்தின் பொருள் எப்போது பிறக்கிறது என்று கேட்டால், செய்த நாளை மட்டும் சொன்னால் போதாது என்பதற்கு இந்த வரிதான் உதாரணம்.

கதைகள் பின்னால் வந்து ஒட்டிக்கொள்வது பாரிஸுக்கு மட்டும் நேர்ந்தது இல்லை. லண்டன் நகரச் சின்னத்தில் ஒரு சிறு வாள் இருக்கும். 1381 விவசாயிகள் கிளர்ச்சியில் வாட் டைலரை மேயர் வால்வொர்த் குத்தினாரே, அந்தக் கத்தி என்று நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். டைலர் இறந்தது ஜூன் 15. வாள் உள்ள புதிய முத்திரை நடைமுறைக்கு வந்தது அதே ஆண்டு ஏப்ரலில். வாள் புனித பவுலுடையது, அவர் அந்நகரின் காவல் புனிதர். லண்டனில் தேதிகள் கிடைத்ததால் கதையை இவ்வளவு சுத்தமாக மறுக்க முடிகிறது. பாரிஸில் அந்த வசதி குறைவு. 1871 மே மாதம், பாரிஸைக் கைப்பற்றி ஆண்ட கம்யூன் என்ற புரட்சி ஆட்சியின் கடைசி நாட்களில் நகர மண்டபம் எரிந்தபோது நகராட்சியின் நூலகமும் ஏராளமான ஆவணங்களும் சாம்பலாயின. தேசிய ஆவணக் காப்பகத்தில் வேறு இடத்தில் இருந்தவை தப்பின, முத்திரைகளும் அப்படித்தான் நமக்குக் கிடைத்தன.

பதக்கங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இன்று கேடயத்தின் கீழ் தொங்குபவை மூன்று: 1900இல் கிடைத்த லெஜியன் தொனர் என்ற பிரெஞ்சு அரசின் உயரிய விருது, முதல் உலகப் போருக்காக 1919இல் கிடைத்த போர்ச் சிலுவை, ஜெர்மானிய ஆக்கிரமிப்புக்கு எதிரான 1944 எழுச்சிக்காக 1945 மார்ச்சில் அன்றைய பிரெஞ்சு அரசின் தலைவர் தெ கோல் அளித்த விடுதலைச் சிலுவை. கடைசியாகச் சொன்னது பிரான்ஸில் மொத்தம் ஐந்து ஊர்களுக்கு மட்டுமே கிடைத்தது. பாரிஸைத் தவிர நாந்த், கிரெனோப்ள், வெர்கோர் மலையின் வாசியே, சேன் தீவு. கோட்டைக் கிரீடத்துக்குத் தனிக் கதை எதுவும் தேட வேண்டாம், ஐரோப்பிய நகரச் சின்னங்கள் பலவற்றில் அது இருக்கும்.

நீங்கள் அடுத்த மாதம் பாரிஸ் போவதாக எழுதியிருந்தீர்கள். பள்ளிகள், பாலங்கள், வட்டார மேயர் அலுவலகங்கள் என எங்கு பார்த்தாலும் கப்பல் தட்டுப்படும். பார்க்கும்போது கப்பலை விட்டுவிட்டு முதலில் தலைப்பட்டையைப் பாருங்கள். தேனீ இருந்தால் முதல் நெப்போலியன் காலம், இது மிக அரிது. லில்லி இருந்து வாசகமும் சேர்ந்திருந்தால் பெரும்பாலும் 1853க்குப் பிந்தையது. பட்டை மட்டும் சிதைந்து கப்பல் முழுசாக இருந்தால் புரட்சிக்கு முந்தைய கல் என்று சந்தேகிக்கலாம், ஆனால் பழுதுபார்ப்பில் புதுக் கல் வைத்திருக்கிறார்களா என்று விளிம்பையும் பாருங்கள். 1924 ஒலிம்பிக் போட்டிகளின் சின்னத்திலும் இதே கப்பல்தான். அந்தக் காலத்துச் சுவரொட்டி ஏதாவது கண்ணில் பட்டால் பாயின் வடிவத்தை 1210 முத்திரையின் வெறும் பாய்மரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.